பெயர் மாறிய அணிகள் – 6: 28 ஆண்டுப் போராட்டமும் 11 நாள் தீர்ப்பும்

இதுவரை: 1932இல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று, பிரேவ்ஸ் மைதானத்தில் ஆடியதால் ‘பிரேவ்ஸ்’ என்றே அழைக்கப்பட்டது. மறு ஆண்டே ஃபென்வே பார்க்குக்குக் குடிபெயர்ந்தபோது முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அதற்கு ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்று பெயர் சூட்டினார். 1937இல் அணி வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது. கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த மார்ஷல், 1962இல்தான் இறங்கிவந்தார். அவரது மனம் மாறிவிடவில்லை. புது மைதானம் இருந்த நிலம் மத்திய அரசுடையது. பாகுபாடு தொடர்ந்தால் அங்கே ஆட முடியாது என்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் கெடு வைத்திருந்தார்.

மார்ஷல் 1969இல் இறந்தார். அவர் வைத்த பெயர் மேலும் அரை நூற்றாண்டு நின்றது. அது எப்படி விழுந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

✦ ✦ ✦

மெட்ரோடோம் வாசலில்

1992 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் அரங்கில் சூப்பர் பவுல். அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டி. வாஷிங்டனும் பஃபலோவும் மோதின. 37–24 என்று வாஷிங்டன் ஜெயித்தது.

உள்ளே ஆட்டம் நடக்கும்போது வெளியே வேறொரு கூட்டம் நின்றது. பூர்வகுடி அமெரிக்கர்கள். கையில் பதாகைகள், பறை முழக்கம். 1968இல் இதே நகரில் பிறந்த ‘அமெரிக்க இந்தியர் இயக்கம்’ அவர்களைத் திரட்டியிருந்தது. மூன்று மாதம் முன்புதான், இதே அரங்கில் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி ஆட வந்தபோதும் இவர்கள் இதே வாசலில் நின்றிருந்தார்கள்.

தோலின் நிறத்தைச் சொல்லி ஒரு மக்களையே கூப்பிடும் சொல் ‘ரெட்ஸ்கின்ஸ்’. அகராதிகளே அதை இழிசொல் என்று குறித்திருந்தன. அமெரிக்கத் தலைநகரின் அணி அதைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியது. தலைக்கவசத்தில் ஒரு பூர்வகுடித் தலைவரின் முகம்.

அந்த ஆர்ப்பாட்டம் தொலைக்காட்சியில் சில நொடிகள் வந்துபோயிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் போராட்டம் தெருவிலிருந்து ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தது. நுழைத்தவர் சூசன் ஷோன் ஹார்ஜோ.

செயென், மஸ்கோகி என்ற இரு குடிகளின் வாரிசு அவர். எழுபதுகளின் நடுவில் கணவரோடு வாஷிங்டனில் குடியேறினார். இருவருக்கும் கால்பந்து பிடிக்கும். டிக்கெட் கிடைத்தது, போனார்கள்.

இருக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கை வந்து அவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. பிறகு இன்னொரு கை. அடிக்க வந்த கைகள் இல்லை. அணியின் சின்னமே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்ற குதூகலத்தில் தொட்டுப் பார்த்த கைகள். அணியின் பெயரைச் சொல்லியே அவர்களைக் கூப்பிட்டார்கள்.

இருவரும் எழுந்து வெளியேறினார்கள். அந்த அணியின் ஆட்டத்துக்கு ஹார்ஜோ மறுபடி போகவே இல்லை.

✦ ✦ ✦

பெயரைத் தடைசெய்ய முடியாது, ஆனால்…

ஒரு தொழில்முறை அணி தனக்கு என்ன பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. ‘இந்தப் பெயரை மாற்று’ என்று எந்த நீதிபதியும் உத்தரவு போட முடியாது. அப்படியிருக்க, எந்தக் கதவைத் தட்டுவது?

இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒரு வழி காட்டினார். 1946ஆம் ஆண்டின் லான்ஹாம் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம். எந்த மக்களையும் இழிவுபடுத்தக்கூடிய குறியீட்டை அரசு பதிவு செய்யக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அணியின் பெயர் 1967இலேயே டிரேட்மார்க்காகப் பதிவாகியிருந்தது. பிறகு அடுத்தடுத்துச் சில பதிவுகள், மொத்தம் 6.

1992 செப்டம்பரில் ஹார்ஜோவும் இன்னும் 6 பேரும் அந்தப் பதிவுகளை ரத்து செய்யக் கோரி மனு கொடுத்தார்கள். பூர்வகுடி மக்களின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவரான வைன் டெலோரியா ஜூனியரும் அவர்களில் ஒருவர்.

பதிவு ரத்தானால் என்ன ஆகும்? பெயர் போகாது. அணி அதே பெயரில் ஆடலாம். ஆனால் அந்தப் பெயரை அச்சடித்துப் போலிச் சட்டை விற்பவனைத் தடுப்பது கடினமாகும். துறைமுகத்தில் போலிச் சரக்கைப் பிடித்துவைக்கச் சுங்கத் துறையிடம் கேட்கும் வசதி போகும்.

அணிகளின் பெயர் பொறித்த சட்டை, தொப்பி விற்பனை உரிமத்தில் வரும் பணத்தைத் தேசியக் கால்பந்து லீக்கின் அணிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே வாஷிங்டன் அணியின் டிரேட்மார்க் ஆட்டம்கண்டால் லீக் முழுவதுக்கும் கொஞ்சம் வலிக்கும்.

ஹார்ஜோவின் கணக்கு அதுதான். மானத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுக்காதவர்கள், வருமானத்தைப் பற்றிப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள்.

✦ ✦ ✦

ஒரு வயதுக் குழந்தை ஏன் வழக்குப் போடவில்லை?

ஏழு ஆண்டு விசாரணை. 1999 ஏப்ரல் 2 அன்று டிரேட்மார்க் வாரியம் தீர்ப்புச் சொன்னது: பெயர் இழிவுபடுத்துவதுதான், பதிவுகள் ரத்து.

கொண்டாட்டம் நிலைக்கவில்லை. அணி மேல்முறையீட்டுக்குப் போனது. மேல்முறையீடு முடியும்வரை பதிவு அப்படியே இருக்கும் என்பது விதி. ஜெயித்தவர்கள் கையில் தீர்ப்பு இருந்தது; தோற்றவர்கள் கையில் டிரேட்மார்க் இருந்தது.

2003இல் மத்திய நீதிமன்ற நீதிபதி காலீன் கொலார்-கோட்டெலி வாரியத்தின் முடிவைத் தள்ளினார். இழிவுக்கான சான்று போதவில்லை என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பெயர் 1967இல் பதிவானது; நீங்கள் 1992இல் வருகிறீர்கள். இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள்?

மனுதாரர்களில் ஒருவர் ஓவியர் மத்தேயோ ரொமேரோ. அந்தப் பெயர் பதிவானபோது அவருக்கு வயது 1.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் இதைப் பிடித்துக்கொண்டது. ஒரு வயதுக் குழந்தை வழக்குத் தொடுக்கத் தாமதித்தது என்று எப்படிச் சொல்வது? அவர் மேஜரான நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

ரொமேரோ மேஜரானது 1984இல். மனு போட்டது 1992இல். இடையில் ஏறக்குறைய 8 ஆண்டு. கீழ்நீதிமன்றம் மறுபடி உட்கார்ந்து கணக்குப் பார்த்து, 8 ஆண்டும் தாமதம்தான் என்றது. மேல்நீதிமன்றம் அதை ஏற்றது. 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்கவே மறுத்துவிட்டது.

17 ஆண்டு ஓடியிருந்தது. பெயர் இழிவா இல்லையா என்ற கேள்விக்கு முடிவான பதில் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தீர்கள் என்பதே பதிலாகிப்போனது.

ஆனால் ஹார்ஜோ இந்த முட்டுச்சந்தை முன்கூட்டியே பார்த்துவிட்டார். தாமதம்தான் தடையென்றால், தாமதிக்கவே வயதில்லாதவர்களைத் தேடுவோம் என்று கிளம்பினார். அப்போதுதான் மேஜரான பூர்வகுடி இளைஞர்களைத் திரட்டினார். 2006இல் புதிய மனு தாக்கலானது. நவாஹோ இனத்தைச் சேர்ந்த அமாண்டா பிளாக்ஹார்ஸ் அதன் முதல் பெயர். பழைய வழக்கு மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்போதே அதன் வாரிசு பிறந்திருந்தது.

✦ ✦ ✦

“பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்”

இதற்குள் அணிக்குப் புது முதலாளி வந்திருந்தார். டான் ஸ்னைடர், வாஷிங்டன் வட்டாரத்துக்காரர். சிறுவயதிலிருந்தே இந்த அணியின் ரசிகர். 1999இல், 34 வயதில், அணியையும் மைதானத்தையும் சேர்த்து 80 கோடி டாலருக்கு வாங்கினார்.

2013 மே மாதம் ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழ் அவரிடம் பெயரைப் பற்றிக் கேட்டது. ஒருபோதும் மாற்ற மாட்டோம் என்றார். ‘நெவர்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்திலேயே நீங்கள் போட்டுக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பத்திரிகை அப்படியே போட்டது.

அந்த ஒரு சொல் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த கொடையாக ஆயிற்று. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பூர்வகுடிகள் நாடு தழுவிய பிரசாரத்தைத் தொடங்கினார்கள். அதிபர் ஒபாமா, நான் உரிமையாளராக இருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிப்பேன் என்றார். 2014இல் 50 செனட்டர்கள் லீக் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். பல பத்திரிகைகள் அந்தப் பெயரை அச்சிடுவதையே நிறுத்திக்கொண்டன.

ஸ்னைடர் பக்கம் வாதமே இல்லையா? இருந்தது. தலைக்கவசத்தில் இருந்த முகச் சின்னம் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. அதை முன்வைத்தவர் வால்டர் வெட்ஸல், பிளாக்ஃபீட் குடியைச் சேர்ந்தவர், பூர்வகுடிகளின் தேசிய அமைப்புக்கே தலைவராக இருந்தவர். தங்கள் மக்களின் முகம் நாடு முழுக்கத் தெரியட்டும் என்பது அவரது எண்ணம். அரிசோனாவில் நவாஹோ நிலத்தில் உள்ள ரெட் மேசா உயர்நிலைப் பள்ளியின் அணிகளும் இதே பெயரில்தான் ஆடின. அங்கே ஆடுபவர்கள் பூர்வகுடிப் பிள்ளைகள்.

கருத்துக்கணிப்பும் அவருக்குச் சாதகமாக இருந்தது. 2016இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ 504 பூர்வகுடிகளிடம் கேட்டது. பத்தில் ஒன்பது பேர் பெயர் தங்களைப் புண்படுத்தவில்லை என்றார்கள். தொலைபேசியில் தன்னைப் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்பவரெல்லாம் பூர்வகுடிதானா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். 2020இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1,000க்கும் மேற்பட்டோரிடம் கேள்வியை வேறுவிதமாகக் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் புண்படுத்துகிறது என்றார்கள். தங்கள் மரபுச் சடங்குகளில் அடிக்கடி ஈடுபடுகிறவர்களிடம் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.

ஸ்னைடர் தனக்குப் பிடித்த கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டார்.

✦ ✦ ✦

ஒரு ராக் இசைக்குழு குறுக்கே வந்தது

2014 ஜூன் 18. பிளாக்ஹார்ஸ் மனுவில் வாரியம் தீர்ப்பளித்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 6 பதிவுகளும் ரத்து. இம்முறை தாமதம் என்ற தடை எடுபடவில்லை.

அணி வர்ஜீனியாவில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் எதிர்வழக்குப் போட்டது. சட்டத்தின் அமைப்பு அப்படி. பிரதிவாதிகள் அந்த 5 இளைஞர்கள். 2015 ஜூலையில் நீதிபதி ஜெரால்ட் புரூஸ் லீயும் இளைஞர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். இன்னும் ஒரு படி ஏறினால் போதும் என்ற நிலை.

அப்போதுதான் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது.

ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ‘தி ஸ்லான்ட்ஸ்’ என்று ஒரு ராக் இசைக்குழு. உறுப்பினர்கள் ஆசிய வம்சாவளியினர். ஆசியர்களின் கண்ணைக் கேலி செய்யும் சொல்லையே வேண்டுமென்று பெயராக வைத்து, அந்தக் கேலியின் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். அதன் தலைவர் சைமன் டாம் டிரேட்மார்க் கேட்டார். இழிசொல் என்று அரசு மறுத்தது. அதே லான்ஹாம் சட்டப் பிரிவைக் காட்டி. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார்.

2017 ஜூன் 19. எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: எது இழிவு என்று தீர்மானித்துப் பதிவை மறுக்க அரசுக்கு உரிமை இல்லை, அது பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது, அந்தப் பிரிவே செல்லாது.

இனவாதத்தை எதிர்க்க ஒரு குழு போட்ட வழக்கு, 25 ஆண்டாக இனவாதத்தை எதிர்த்து நடந்த இன்னொரு வழக்கின் அடித்தளத்தையே உருவிவிட்டது. சட்டப் பிரிவே இல்லையென்றால் பிளாக்ஹார்ஸ் வழக்கு எதன்மேல் நிற்கும்? சில மாதங்களில் அதுவும் முடிந்தது. பதிவுகள் அணியிடமே தங்கின.

ஸ்னைடர் மகிழ்ச்சியை மறைக்கவில்லை. அரசாங்கமோ நீதிமன்றமோ இனி அவரை அசைக்க முடியாது. கருத்துக்கணிப்பும் அவர் பக்கம். ‘நெவர்’ என்ற சொல் பெரிய எழுத்தில் அப்படியே நின்றது.

✦ ✦ ✦

மூன்றாவது வாசல்

அவர் கவனிக்காத வாசல் ஒன்று இருந்தது.

அணியின் மைதானம் மேரிலாந்தில், தலைநகருக்கு வெளியே. 1997இல் திறந்தது. 1999 நவம்பரில் அதற்குப் பெயரிடும் உரிமையைக் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் வாங்கியது. 27 ஆண்டுக்கு 20.5 கோடி டாலர். சராசரியாக ஆண்டுக்கு 76 லட்சம். மைதானம் ‘ஃபெடெக்ஸ்ஃபீல்டு’ ஆனது. ஃபெடெக்ஸின் நிறுவனர் ஃபிரெட் ஸ்மித், அணியிலும் ஒரு சிறு பங்குதாரர்.

சொந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று ஸ்னைடர் நினைத்திருக்கலாம். ஆனால் வாசலில் தொங்கிய பெயர்ப் பலகை இன்னொருவருடையது. அந்தப் பலகைக்குக் காசு கொடுப்பவர் முகம் சுளித்தால் என்ன ஆகும்?

இதைப் பூர்வகுடிகள் யோசித்திருந்தார்கள். விஸ்கான்சினில் உள்ள ஒனைடா குடியின் அறக்கட்டளைக் குழு ஃபெடெக்ஸ் பங்குகளை வைத்திருந்தது. பங்குதாரர் என்ற முறையில், இந்தப் பெயரோடு நமக்கு ஏன் உறவு என்று கம்பெனியிடம் பல ஆண்டாகவே கேட்டுவந்தது. அணியின் பெயர் அணியின் விஷயம் என்ற போக்கில் கம்பெனி நழுவிக்கொண்டே இருந்தது.

நீதிமன்றப் போராட்டத்துக்குக் கிடைத்த வெளிச்சம் இதற்குக் கிடைக்கவில்லை. தொலைக்காட்சி கேமரா பங்குதாரர் கூட்டத்துக்கு வராது. ஆனால் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் பதிவாகிக்கொண்டே இருந்தது. எந்த நிறுவனங்களிடம் பேச வேண்டும், எந்த வாதத்தை வைக்க வேண்டும், யார் கூட நிற்பார்கள் என்ற பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. தேவைப்பட்டது ஒரு தருணம் மட்டும்.

✦ ✦ ✦

அந்தக் கோடைகாலம்

2020 மே 25. மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரரின் முழங்கால் அழுந்தியது. ஃபிளாய்ட் இறந்தார். அமெரிக்கா கொந்தளித்தது.

கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக இனவெறிக்கு எதிராக அறிக்கை விட்டன. ஜூன் தொடக்கத்தில் சமூக ஊடகங்களில் எல்லாரும் கறுப்புச் சதுரம் ஒன்றைப் பதிவிட்டபோது, வாஷிங்டன் அணியும் பதிவிட்டது. இனநீதி உங்களுக்கு முக்கியம் என்றால் முதலில் உங்கள் பெயரை மாற்றுங்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் அதற்குக் கீழேயே பதில் போட்டார்.

ஜூன் 19. அணியின் பழைய மைதானமான ஆர்.எஃப்.கே. அரங்கின் முன்னால் இருந்த மார்ஷலின் நினைவுச் சிலையை அரங்க நிர்வாகம் பெயர்த்து எடுத்துப்போனது. அடுத்த சில நாள்களில் அணியே தன் மைதானத்தில் அவர் பெயரை நீக்கியது. கீழ்த்தள இருக்கைப் பகுதிக்குப் பாபி மிட்சலின் பெயரைச் சூட்டியது. 1962இல் மார்ஷல் வேறு வழியின்றிச் சேர்த்த கறுப்பின வீரர்களில் முதன்மையானவர்.

பெயர் வைத்தவர் போய்விட்டார். வைத்த பெயர் மட்டும் மிச்சம்.

கொரோனா காலம் வேறு. அரங்கில் ரசிகர்கள் உட்காருவார்களா என்பதே தெரியாது. டிக்கெட் வருமானம் சந்தேகத்தில் இருக்கும் ஆண்டில், ஸ்பான்சர் பணம் ஓர் அணிக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.எஃப்.கே. அரங்கின் நிலமும் மறுபடி பேச்சுக்கு வந்தது. அங்கே புது மைதானம் கட்டித் தலைநகருக்குள் திரும்ப வேண்டும் என்பது ஸ்னைடரின் ஆசை. நிலம் அப்போதும் மத்திய அரசுடையதாகவே இருந்தது. இந்தப் பெயரோடு வர முடியாது என்று நகர நிர்வாகம் வெளிப்படையாகவே சொன்னது. 1961இல் யூடால் மார்ஷலிடம் பேசிய அதே நிலத்தைப் பற்றிய பேச்சு.

✦ ✦ ✦

ஒற்றை வாக்கியம்

ஜூலை 1, புதன்கிழமை. ஒரு செய்தி வெளியானது. 87 முதலீட்டு நிறுவனங்களும் பங்குதாரர்களும் ஃபெடெக்ஸ், நைக்கி, பெப்சிகோ ஆகிய மூன்று கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதியிருந்தார்கள். பெயரை மாற்றாவிட்டால் வாஷிங்டன் அணியோடு வணிக உறவை முறித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர்களின் மொத்தச் சொத்து மதிப்பு சுமார் 62,000 கோடி டாலர்.

பூர்வகுடி உரிமை அமைப்புகள் இதன் பின்னால் இருந்தன. பல ஆண்டாகத் தயாராக இருந்த பட்டியல் இப்போது வேலை செய்தது.

ஜூலை 2, வியாழக்கிழமை. ஃபெடெக்ஸ் ஓர் அறிக்கை விட்டது. அதில் இருந்தது ஒரே வாக்கியம். அணியின் பெயரை மாற்றும்படி வாஷிங்டனில் உள்ள அணியிடம் எங்கள் வேண்டுகோளைத் தெரிவித்துள்ளோம். அவ்வளவுதான்.

20 ஆண்டுக்கும் மேலாக அந்த அணியின் மைதானத்தில் தன் பெயரை மாட்டியிருந்த கம்பெனி, ‘வாஷிங்டனில் உள்ள அணி’ என்று நிறுத்திக்கொண்டது. பெயரைச் சொல்லவே இல்லை.

அன்று மாலை நைக்கியின் இணையக் கடையில் வாஷிங்டன் அணியின் சட்டையைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மற்ற 31 அணிகளும் பட்டியலில் இருந்தன.

பின்னர்தான் இன்னொன்று வெளியே தெரிந்தது. ஃபெடெக்ஸ் அணிக்குத் தனியாக ஒரு கடிதமும் அனுப்பியிருந்தது. பெயரை மாற்றாவிட்டால், 2020 சீசன் முடிந்ததும் மைதானத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவோம் என்று அதில் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஆண்டுகள் இருந்தன. வேண்டுகோள் உலகத்துக்கு, எச்சரிக்கை ஸ்னைடருக்கு.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. பெயரைப் பற்றி முழுமையாக மறுபரிசீலனை செய்யப் போகிறோம் என்று அணி அறிவித்தது. ‘ஒருபோதும்’ என்று சொன்னவர் ‘பார்ப்போம்’ என்று சொல்ல, ஒற்றை வாக்கியத்துக்குப் பிறகு ஒரு நாள் போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் வால்மார்ட்டும் டார்கெட்டும் அந்த அணியின் சரக்கை விற்பதை நிறுத்தின. பிறகு அமேசான். ஃபிரெட் ஸ்மித் உள்ளிட்ட மூன்று சிறு பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறப் பார்க்கிறார்கள் என்ற செய்தியும் கசிந்தது. மூவரிடமும் சேர்ந்து அணியின் 40 சதவீதம் இருந்தது.

✦ ✦ ✦

பழைய கடிதத்தாளில்

ஜூலை 13, திங்கட்கிழமை காலை. அணி அறிக்கை வெளியிட்டது. மறுபரிசீலனை முடிந்ததும் பெயருக்கும் சின்னத்துக்கும் ஓய்வு கொடுக்கிறோம். ஸ்னைடரும் பயிற்சியாளர் ரான் ரிவேராவும் புதுப் பெயருக்காகச் சேர்ந்து உழைத்துவருகிறார்கள்.

அந்த அறிக்கையைப் பார்த்தவர்கள் முதலில் கவனித்தது வாசகத்தை இல்லை. பழைய பெயர் போகிறது என்ற செய்தி, பழைய பெயரும் பழைய சின்னமும் அச்சான கடிதத்தாளிலேயே வந்திருந்தது. வேறு தாள் அவர்களிடம் இல்லை. வேறு பெயரே இல்லாதபோது தாள் எங்கிருந்து வரும்?

1992இல் 47 வயதில் மனு கொடுத்த ஹார்ஜோவுக்கு இப்போது 75. 28 ஆண்டில் அவர் ஏறாத நீதிமன்றப் படி இல்லை. கடைசியில் பெயரை இறக்கியவை 11 நாள்.

அதனால் அந்த 28 ஆண்டு வீண் என்று சொல்லிவிட முடியுமா? 2020இல் கடிதம் எழுதிய முதலீட்டாளர்கள் அந்தப் பெயரில் என்ன தவறு என்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வழக்கு ஆவணங்களிலும், டிரேட்மார்க் வாரியத்தின் இரண்டு தீர்ப்புகளிலும், பங்குதாரர் கூட்டங்களின் கேள்விகளிலும் அது எழுதப்பட்டுக் கிடந்தது. பணத்துக்கு அவசரம் வந்த நாளில் நியாயம் தயாராக இருந்தது. தயாராக வைத்திருந்தவர்கள் ஹார்ஜோவும் பிளாக்ஹார்ஸும் ஒனைடா மக்களும்.

மார்ஷல் 1933இல் பெயர் வைத்தது மைதானம் மாறியதால். 1962இல் அவர் வளைந்தது மைதானத்தின் நிலம் அரசுடையது என்பதால். 2020இல் ஸ்னைடர் வளைந்தது மைதானத்துப் பலகை ஃபெடெக்ஸுடையது என்பதால். இந்த அணியின் வரலாற்றில் முதலாளியின் மனசாட்சியை விட மைதானத்தின் வாசல்தான் அதிகம் பேசியிருக்கிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மதியம் ஸ்னைடருக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. முதல் ஆட்டம் செப்டம்பர் 13. கையில் இரண்டே மாதம். அதற்குள் புதுச் சட்டை தைக்க வேண்டும், புதுச் சின்னம் வரைய வேண்டும், மைதானம் முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெயர் வேண்டும்.

ரசிகர்கள் ‘ரெட் உல்வ்ஸ்’ என்றார்கள்; ‘ரெட் டெயில்ஸ்’ என்றார்கள்; ‘வாரியர்ஸ்’ என்றார்கள். பட்டியல் நீண்டது. ஆனால் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் ஒரு மனிதர், இந்த நாள் எப்படியும் வரும் என்று பல ஆண்டு முன்பே ஊகித்திருந்தார். அணிக்கு வைக்கக்கூடிய பெயர்களாகப் பார்த்துப் பார்த்து, தன் பேரில் ஒவ்வொன்றாக டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துக்கொண்டே வந்திருந்தார்.

டிரேட்மார்க்கைக் காப்பாற்ற 25 ஆண்டு நீதிமன்றம் ஏறிய அணிக்கு, இப்போது டிரேட்மார்க்கே குறுக்கே நின்றது. பழைய பெயரைச் சொல்ல முடியாது. புதுப் பெயரைத் தொட முடியாது. அப்படியானால் செப்டம்பர் 13 அன்று அந்த வீரர்கள் என்ன பெயரில் களம் இறங்குவார்கள்?

(தொடரும்)